பக்கம் புரளும் சத்தம்

அத்தியாயம் ஆறு

“மனுஷக் குரல் மயக்கும். வயலின் இழுத்து இழுத்துச் சமாளிச்சிரும். பியானோகிட்ட மட்டும் அந்த வேலையெல்லாம் நடக்காது” என்றார் பாம்புக்காது, இசைத்தட்டை உறையிலிருந்து உருவிக்கொண்டே.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது தெருதான். தெரு முழுக்க ஒலிக்கருவிக் கடைகள். அந்தக் கடைக்காரர்களின் சங்கத்துக்கு அவர் தலைவர். வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குகிறவர்களும் சரி, விற்கிறவர்களும் சரி, தீர்ப்புக்கு அவரிடம்தான் வரவேண்டும். இந்த ஒரே தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார், கண்ணை மூடிக் கேட்பார், ‘தெளிவு’ என்பார் அல்லது ‘மந்தம்’ என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

“கட்டையை அடிச்சா, அடி தனியாக் கேக்கணும். அப்புறம் நாதம் கரையுறது தனியாக் கேக்கணும். இடது கோடிக் கட்டை வயித்துல இடிக்கணும், வலது கோடிக் கட்டை நெத்தியில சுண்டணும். நடுவுல நாதம் லேசா ஆடுச்சுன்னா தட்டைச் சுத்துற மோட்டார் சரியில்ல. இது ஒண்ணு போதும், எந்த செட்டோட வண்டவாளமும் வெளிய வந்துரும்.”

“எனக்கு மாப்பிள்ளை பாத்தப்ப இப்படி ஒரு தட்டு கையில இருந்திருக்கலாம் அண்ணி” என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

“நீ பாத்த மாப்பிள்ளை என் கூடப்பிறந்த தம்பிடி. வாயை மூடு” என்றாள் அண்ணி.

இந்த இரண்டு பேரும் சேர்ந்ததுதான் ஒரு துப்பறியும் நிலையம். அண்ணிக்கு ஐம்பது நெருங்குகிறது. காய்கறிப் பைக்குள் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. நாத்தனாருக்கு முப்பது. அண்ணியின் கணவருடைய தங்கை, அண்ணியின் தம்பிக்கே வாழ்க்கைப்பட்டவள். ஸ்கூட்டரும் வாயும் அவள் பொறுப்பு. அன்று காலை அவர்களிடம் அழுதுகொண்டு வந்தவள், அதே தெருவில் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் பெண். ஈயம் பற்றவைத்துப் பற்றவைத்து விரல்நுனி கறுத்துப்போனவள். எல்லோருக்கும் ஈயக்கா.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை, பாம்புக்காது தன் வீட்டு செட்டில் ‘கரகர’ என்று சத்தம் வருகிறதென்று அவளிடம் கொடுத்தார். அன்று சாயங்காலமே சரிசெய்து கொண்டுவந்து வைத்தாள். அன்றிரவே அவர் சங்கத்துக்குப் புகார் எழுதினார்: உள்ளேயிருந்த நல்ல உறுப்புகளைத் திருடிவிட்டுப் போலியை வைத்துவிட்டாள் என்று. இன்று ஐந்து மணிக்குச் சங்கத்தின் மூன்று பேர் இங்கே, அவர் வீட்டுக்கு வந்து, அந்தப் புகாரில் கையெழுத்துப் போடுவார்கள். போட்டால் எந்தக் கடையும் அவளுக்கு வேலை அனுப்பாது. கடைப் பலகையை அவள் கையாலேயே கழற்ற வேண்டும்.

இப்போது மணி மூன்று.

பாம்புக்காது சட்டைப்பையிலிருந்து சாவி எடுத்தார். செட்டு ஒரு கண்ணாடிக்கதவு அலமாரிக்குள் இருந்தது, கதவுக்குப் பூட்டு.

“இது ஆதாரம். மூணு வாரமா யாரும் தொடல. பாருங்க, கையை மட்டும் வைக்காதீங்க.”

உள்ளறையிலிருந்து அவர் மனைவி வந்தாள். வீட்டிலேயே துணி தைப்பவள். கழுத்தில் அளவு நாடா, கொண்டையில் செருகிய வெள்ளைப் பென்சில், நடுவிரலில் தையல் உறை. நேராக அவர் எதிரே வந்து நின்று, விரலுறையால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் நிமிர்ந்ததும்தான் பேசினாள்.

“என்னங்க, திறந்தது திறந்தாச்சு. ஒரு நிமிஷம் தூசி தட்டிட்டுப் போயிடறேன்.”

“மூணு வாரமா இதே பாட்டு. ஆதாரத்துல துணி படக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? போம்மா.”

அவள் போகவில்லை. கதவோரம் நின்றாள். தட்டில் முள் இறங்கியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பியானோ ஆரம்பித்தது. மெதுவான இடம். ஒரு கட்டை விழுந்து, அதன் நாதம் கரைந்து முடிவதற்குள் அடுத்தது.

“வாசிக்கிறவங்க இப்ப நோட்டுல பக்கம் திருப்புவாங்க” என்றார் அவர், கண்ணை மூடி, விரலைத் தூக்கி. “அந்தக் காகிதச் சத்தம்தான் என் கடைசிப் பரீட்சை. நல்ல செட்டுல மட்டும் கேக்கும். இந்தா… இந்தா… பாத்தீங்களா? இல்ல! மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் தினம் கேட்டேன். திருடிட்டுப் போயிட்டா!”

நாத்தனார் வாயைத் திறந்தாள். அண்ணியின் குதிகால் அவள் கால் கட்டைவிரலில் ஏறியது. வாய் மூடிக்கொண்டது.

*

“எனக்கு நல்லாக் கேட்டுச்சு அண்ணி!” தெருவுக்கு வந்ததும் நாத்தனார் காலைத் தேய்த்துக்கொண்டே வெடித்தாள். “சர்ருன்னு. நம்ம வீட்டுல உங்க தம்பி செய்தித்தாள் புரட்டுற மாதிரி.”

“எனக்கும் கேட்டுச்சு.”

“அப்ப கேஸ் முடிஞ்சுது. செட்டு சரியா இருக்கு. பாம்புக்கு வயசாயிடுச்சு. வாங்க, போய்க் காபி குடிக்கலாம்.”

“காது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாத்து ஒரேயடியாப் போகுமாடி?”

நாத்தனார் நின்றாள்.

“போறதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமாப் போகும்” என்றாள் அண்ணி. “அந்த மனுஷன் பொய் சொல்லல. திங்கக்கிழமை கேட்டிருக்கு, செவ்வாய்க்கிழமை கேக்கல. நடுவுல அந்தப் பொண்ணு எதையோ எடுத்திருக்கா. எதை எடுத்தோம்னு அவளுக்கே தெரியாம.”

“அப்படின்னா எனக்கு அவ மேலயே சந்தேகம் வருது. அழுதுட்டே வர்றவங்களை நான் நம்புறதில்ல. என் கல்யாணத்துல நீங்ககூடத்தான் அழுதீங்க.”

“அது என் தம்பியை நெனச்சு.”

ஈயக்காவின் கடைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கடை. உள்ளே ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கடைக்காரர் இவர்களைப் பார்த்தார். இவர்கள் வெளியே வந்த பாம்புக்காது வீட்டு வாசலைப் பார்த்தார். உடனே துள்ளி எழுந்து, காட்சிக்கு வைத்திருந்த செட்டின் ஒரு குமிழைக் கடகடவென்று திருகினார். இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான், பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் பழையபடி திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“அவருக்கென்ன, கை அரிக்குதா?” என்றாள் நாத்தனார்.

அண்ணி அந்தக் கடையின் முன்னால் அரை நிமிடம் அதிகமாக நின்றாள்.

*

ஈயக்காவின் கடையில் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் மூச்சுவிட முடியாது. மேசையில் வயிறு கிழிந்த ரேடியோக்கள். நாத்தனார் நுழைந்த வேகத்தில் இழுப்பறையை இழுத்தாள். பழைய துணியில் சுற்றி இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், கீச்சென்ற மேல் ஒலிக்கானவை.

“அகப்பட்டாச்சு!”

“அது எரிஞ்சுபோன கார் செட்டுல இருந்து எடுத்தது அக்கா” என்றாள் ஈயக்கா களைத்த குரலில். “அவர் பெட்டியில இதை வெச்சா சட்டைப் பொத்தான் மாதிரி ஓட்டைக்குள்ள விழுந்துரும்.”

வைத்துக்காட்ட வேண்டியதே இல்லை. அளவு கண்ணுக்கே தெரிந்தது. நாத்தனார் துணியைத் திரும்பவும் சுற்றி, வேண்டுமென்றே அழகாக முடிச்சுப் போட்டு வைத்தாள்.

“அன்னைக்கு என்னென்ன பண்ணினே? ஒண்ணு விடாமச் சொல்லு” என்றாள் அண்ணி.

“மூடியைத் திறந்தேன். ஒலி கூட்டுற குமிழ்ல அழுக்கு, அதான் கரகரன்னுது. மருந்து அடிச்சுத் துடைச்சேன். மத்தக் குமிழ்களையும் துடைச்சேன். மூடினேன். கொண்டுபோய் வெச்சேன். வேற ஒரு திருகாணியைக்கூடத் தொடல.”

“துடைச்ச குமிழையெல்லாம் எங்க கொண்டாந்து நிறுத்துவே?”

“நடுவுலதான். கனத்த சத்தத்துக்கு பேஸ், கீச்சுச் சத்தத்துக்கு ட்ரெபிள், எல்லாம் நடுவுல. தையக்காரங்க இஸ்திரி போட்டுக் குடுக்கற மாதிரி, அது என் பழக்கம். அப்புறம் அவங்கவங்க வேணுங்கற மாதிரி திருப்பிக்கட்டும்.”

“நீ துடைக்கிறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு?”

ஈயக்கா விழித்தாள். “அதை யார் பாத்தா அக்கா?”

“அதான் தப்பு” என்று அண்ணி மெல்லச் சிரித்தாள். “தாலி கட்டுற முடிச்சுகூட அந்த ஒரு திருகு அளவுக்கு முக்கியமில்லடி பொண்ணே. பலகையைக் கழட்டாதே. அஞ்சு மணிக்கு அங்க வா.”

*

பாம்புக்காதின் வீட்டு மாடிப்படியில் மேல்வீட்டு ஆசிரியர் இறங்கிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு வந்து மறுபடி டியூஷனுக்குக் கிளம்புகிறவர். கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு.

“கீழ்வீட்டுப் பியானோ உங்களுக்குக் கேக்குமா சார்?” என்றாள் நாத்தனார்.

“ஏழெட்டு வருஷமாக் கேக்குறேனே. வருஷத்துக்கு வருஷம் மோசம். எவர்சில்வர் தட்டுல கரண்டியைக் கொட்டுன மாதிரி இருக்கும், பல்லு கூசும். மூணு வாரமாத்தான் அது பியானோன்னே எனக்குத் தெரியுது! யாரோ ரிப்பேர் பண்ணாங்களாமே, பார்த்தா என் நன்றியைச் சொல்லுங்க.”

அவர் போய்விட்டார். நாத்தனார் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கெட்டுப்போச்சுன்னு உடைமைக்காரர் சொல்றார். சரியாப்போச்சுன்னு மேல்வீடு சொல்லுது. அண்ணி, எனக்குத் தலை சுத்துது. என்னை நடுவுல வைங்க.”

“நீயே சொல்லிட்டே பாரு” என்று அண்ணி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே போய், பாம்புக்காது சாவி திருப்பும்வரை காத்திருந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் அலமாரிக்குள் நீட்டினாள். செட்டின் முகப்பு கறுப்பு. ட்ரெபிள் என்று எழுதிய குமிழ் சமர்த்தாக நடுவில் நின்றது. அதைச் சுற்றி, நடுவிலிருந்து வலது கடைசி வரை, கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள். ஒன்று, இரண்டு… ஏழு. சுவரில் கோடு போட்டுப் பிள்ளையின் உயரத்தைக் குறித்துவைப்பார்களே, அதுபோல. ஏழாவது புள்ளி குமிழ் இனிமேல் திரும்ப முடியாத இடத்தில் இருந்தது.

“என்ன கண்டுபிடிச்சீங்க?” என்றார் அவர்.

“நல்லாத் தூசி தட்டி வெச்சிருக்காங்க” என்றாள் அண்ணி.

தையல் அறையில் மனைவி இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். கால் மிதிக்கவில்லை. அண்ணி எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, அந்த செட்டை நீங்க தொடுறதுண்டா?”

“நானா? தொட்டதே இல்ல. தூசி தட்டுறதோட சரி.”

“ரவிக்கையைப் பிரிச்சு அகலம் வைக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?”

“பழைய அளவுல ஒரு புள்ளி வெச்சுக்குவேன். அப்பத்தானே எவ்வளவு விட்டோம்னு…” அவள் கை தானாகக் கொண்டைக்குப் போனது. பென்சிலைத் தொட்டதும் நின்றது.

அண்ணி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது எல்லாருக்கும் வராது. துப்பறியும் வேலையில் அதுதான் பாதி.

“அவருக்குக் காதுதான் எல்லாம்” என்றாள் மனைவி கடைசியில், துணியைப் பார்த்துக்கொண்டு.

“அந்தப் பொண்ணுக்கு அந்தப் பலகைதான் எல்லாம். ரெண்டுல எது பெருசுன்னு எனக்கு அளக்கத் தெரியாதுக்கா. நீங்கதான் நாடா போட்டிருக்கீங்க.”

*

ஐந்து மணிக்குச் சங்கத்தின் மூன்று பேரும் வந்தார்கள். முன்னால் வந்தவர் குமிழ் திருகிய அதே கடைக்காரர். மூவருக்கும் உட்காரும் முன்பே பேனா கையில். ஈயக்கா வாசலை ஒட்டி நின்றாள், உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

“தட்டெல்லாம் எதுக்குத் தலைவரே? நீங்க சொன்னாப் போதாதா? போட்டுடறோம்” என்றார் குமிழ் திருகியவர்.

“முறைன்னு ஒண்ணு இருக்கு. கேட்டுட்டுப் போடுங்க.”

பாம்புக்காது நாற்காலியில் சாய்ந்தார், கண்ணை மூடினார். பியானோ ஓடியது. மெதுவான இடம் வந்தது. காகிதம் சர்ரென்று புரண்டது. நாத்தனாருக்குக் கேட்டது, ஈயக்காவுக்குக் கேட்டது.

“பாத்தீங்களா? இல்ல!” என்றார் அவர்.

“இல்லவே இல்ல தலைவரே” என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

“அண்ணி, இவங்க மூணு பேருக்குமா போச்சு?” என்றாள் நாத்தனார் காதோடு.

“காது போகல. தைரியம் போச்சு. ஏன்னு இப்பத் தெரியும்.” அண்ணி குரலை உயர்த்தினாள். “ஐயா, கையெழுத்துக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு தடவை.”

முள் மறுபடி இறங்கியது. அவர் மறுபடி கண்ணை மூடினார்.

தையல் அறைக் கதவு திறந்தது. அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் மூச்சை இழுத்துப் பிடித்ததை நாத்தனார் பார்த்தாள். மனைவி தூசி தட்டும் மஞ்சள் துணியோடு வந்தாள். அலமாரி முன் நின்றாள். ஒருமுறை ஈயக்காவைப் பார்த்தாள். பிறகு துணியோடு குமிழைப் பிடித்து, ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, ஏழாவது புள்ளி வரை திருப்பினாள்.

அறை முழுவதும் கரண்டி கொட்டியது. மூன்று கடைக்காரர்களும் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் காதைப் பொத்தியே விட்டார். நடுவில் காகிதம், சோளப்பொரி வறுபடுகிற மாதிரி, புரண்டது.

“வந்துருச்சு!” பாம்புக்காது துள்ளி எழுந்தார். சின்னப் பிள்ளையின் முகம். “கேட்டீங்களா? வந்துருச்சு! இதான், இதேதான்…”

கண்ணைத் திறந்தார். எல்லோரும் முகத்தைச் சுளித்திருப்பதைப் பார்த்தார். மனைவியின் விரலுறை குமிழின் மேல் இருப்பதைப் பார்த்தார்.

தட்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

“எத்தனை வருஷமா?”

“ஏழு” என்றாள். “மேல் கட்டைங்க கேக்கலைன்னு நீங்க ஒரு நாள் ராத்திரி எழுந்து உக்காந்துட்டீங்க. மறுநாள் தூசி தட்டுறப்ப ஒரு எள்ளளவு திருப்பினேன். அப்புறம் வருஷத்துக்கு ஒரு புள்ளி. அன்னைக்கு ரெண்டு வேளையும் நல்லாச் சாப்பிட்டீங்க.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். எதையோ எண்ணிக்கொண்டே போனவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப இந்த ஏழு வருஷத்துல நான் கடை கடையாப் போய்த் தீர்ப்புச் சொன்னேனே? அங்கல்லாம் எப்படி எனக்குப் பக்கம் புரண்டுச்சு?”

குமிழ் திருகிய கடைக்காரர் பேனாவுக்கு மூடி தேடினார்.

“நீங்க வர்றது கண்ணாடியில தெரியும்ல” என்றாள் நாத்தனார். “தெரிஞ்சதும் இவருக்குக் கை அரிக்கும். மத்தியானம் எங்களைப் பாத்தே அரிச்சுது.”

“எல்லாருந்தான் திருப்பினோம்” என்றார் மூன்றாமவர், தரையைப் பார்த்து. “மொதல்ல மந்தம், மந்தம்னு எங்க எல்லாரையும் தள்ளினீங்க தலைவரே. கடைசி வரைக்கும் திருகினா தெளிவுன்னீங்க. வேற என்ன பண்றது? இந்தப் பொண்ணு ரிப்பேர் பண்ணின செட்டு சரிதான்னு நாங்க சொன்னா, அப்புறம் எங்க செட்டுங்க கதை வெளிய வந்துராதா?”

“அதுக்காக ஒருத்தி கடையை மூடப் பாத்தீங்க” என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. “இந்தத் தெருவுல குமிழை நடுவுல வெச்சது இவ ஒருத்திதான். அதுக்குப் பேருதான் திருட்டாம்.”

பாம்புக்காது எழுந்தார். மேசையிலிருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார். கிழிகிற சத்தம் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, கவனமாகக் கிழித்தார். வாசல்வரை போய், “உள்ள வாம்மா” என்றார். ஈயக்கா வந்தாள்.

“நீயே நடுவுல வை.”

அவள் மனைவியைப் பார்த்தாள். மனைவி குமிழிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். ஈயக்கா திருப்பி வைத்தாள்.

“இனிமே கடைகளுக்குப் பரீட்சைக்குப் போறப்ப நீயும் கூட வரணும். எனக்குப் பயப்படாத காது ஒண்ணு வேணும்” என்றார். ஈயக்கா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூன்று வாரம் அழுதவளுக்கு உடனே சிரிப்பு வருமா, சொல்லுங்கள்.

கடைக்காரர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். பாம்புக்காது தட்டைத் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து வைத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தையலை விட்டுவிட்டு உட்காரு என்று மனைவிக்குக் கையைக் காட்டினார்.

மெதுவான இடம் வந்தது. கட்டை விழுந்தது, நாதம் கரைந்தது. அவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலுறை அவர் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டியது.

“இப்பவா?” என்றார்.

“இப்பத்தான்” என்றாள்.